காலையில் எழ மறுக்கும் கணினிக்கு ஃபார்மட் மருந்தாகாது

வாசகர் கேள்வி:

திருவல்லிக்கேணியில் பதினான்கு ஆண்டுகளாக டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) கடை நடத்தி வருகிறேன். திருமண அழைப்பிதழ், பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி என்று எல்லா வேலையும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான். கணினியில் இருப்பது விண்டோஸ் 7. இரண்டு மாதமாகக் காலையில் ஆன் செய்தால் உள்ளே ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. நான்கைந்து முறை அழுத்திய பிறகுதான் டிஸ்ப்ளே வருகிறது. வந்துவிட்டால் பிறகு ஓடுகிறது. ஆனால் லேசர் பிரின்டருக்குப் பிரின்ட் கொடுக்கும்போது சில வேளைகளில் பட்டென்று அணைந்து மறுபடி தொடங்குகிறது. வாரத்தில் ஓரிரு முறை நீலத் திரை வந்து, படிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. தேதியும் பல ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறது. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது. சிபியு, மானிட்டர், பிரின்டர் மூன்றும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸில் இருக்கின்றன. பக்கத்துத் தெருவில் சர்வீஸ் செய்யும் தம்பி, "ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும்" என்கிறார். தை முகூர்த்த வேலைகள் வரிசையாக நிற்கின்றன. செய்யலாமா?

பதில்:

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

ஃபார்மட் செய்ய வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு இதை உறுதியாகச் சொல்கிறேன். நீங்கள் எழுதியுள்ள குறைகளில் பெரும்பாலானவை, விண்டோஸ் ஹார்ட் டிஸ்கிலிருந்து ஓர் எழுத்தைக்கூடப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே நிகழ்பவை. விண்டோஸ் இன்னும் வேலைக்கே வராத நேரத்தில் நடக்கும் பழுதுக்கு, விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது எந்த வகையிலும் மருந்தாகாது. மாறாக, பதினான்கு ஆண்டு உழைப்பு ஒரே மதியத்தில் போய்விடும்.

கணினி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கவனித்தாலே பாதிப் பழுது தெரிந்துவிடும். நீங்கள் முன்பக்கப் பொத்தானை அழுத்தியதும், மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களும் பொருந்தியிருக்கும் முதன்மைப் பலகை, மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு "தொடங்கு" என்று ஒரு கம்பி வழியாகச் சொல்கிறது. எஸ்.எம்.பி.எஸ். 12, 5, 3.3 வோல்ட் ஆகிய மின்னழுத்தங்களை எழுப்பி, அவை நிலைபெற்ற பிறகு, அதாவது அரை நொடிக்குள், "மின்சாரம் சீராக இருக்கிறது" என்ற பதிலை வேறொரு கம்பி வழியாகத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பதில் வந்தால்தான் பிராசஸர் கண்விழிக்கும். பிறகு, மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ், தற்காலிக நினைவகமான ராமையும் மற்ற பாகங்களையும் சோதிக்கும், அதற்கும் பிறகுதான் ஹார்ட் டிஸ்கைத் தேடிப் போகும். உங்கள் கணினியில் ஃபேன் ஒரு சுற்றோடு நின்றுவிடுகிறது என்றால், இந்தப் பயணத்தின் முதல் அடியிலேயே அது தடுக்கி விழுகிறது என்று பொருள்.

அதிலும் காலையில் மட்டும் முரண்டு பிடித்து, நான்கைந்து முறை அழுத்திய பிறகு எழுந்துகொள்வது மிக முக்கியமான அடையாளம். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் மதர்போர்டிலும் இருக்கும், மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்குள் திரவம் போன்ற ஒரு பொருள் உண்டு. ஆண்டுகள் ஆக ஆக, வெப்பத்தில் அது வற்றிப்போகும். வற்றிய கெபாசிட்டர் இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த பிறகு தன் வேலையைச் செய்யத் திணறும். சில முறை மின்சாரம் பாய்ந்து சற்றே சூடானதும் ஓரளவு வேலை செய்யும். வேலை செய்யும் வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தக் கெபாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு. சித்திரை, வைகாசி மாதங்களில் ஏ.சி. இல்லாத ஒரு சிறிய கடையில், சுவரை ஒட்டி மேசைக்குக் கீழே வைக்கப்பட்ட கேபினெட்டுக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் முதல் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மீது. ஆனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அதை மாற்றுவது அல்ல. உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றுவதுதான்.

இந்தக் கடிதம் கிடைத்த நாள் முதல், தேவையில்லாமல் அந்தப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதை நிறுத்துங்கள். மின்சாரம் தடுமாறும் ஒவ்வொரு முறையும் ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கிப் பாதியில் நிற்கிறது. பிரின்ட் கொடுக்கும்போது பட்டென்று அணையும் ஒவ்வொரு முறையும், எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் அறுபடுகிறது. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி, யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் ஒன்றின் வழியாக நல்ல நிலையில் உள்ள வேறொரு கணினியில் இணைக்கச் சொல்லுங்கள். சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் இந்தக் கன்வெர்ட்டர் கிடைக்கும். பக்கத்துத் தெருத் தம்பியிடமே இந்த வேலையைக் கொடுக்கலாம், அவரால் நன்றாகச் செய்ய முடியும். ஆனால், "காப்பி மட்டும், வேறு எதையும் தொடக் கூடாது" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இணைத்தவுடன் அந்தக் கணினி, "இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யவா?" என்றோ, "பிழைகளைச் சரிசெய்யவா?" என்றோ கேட்டால், இரண்டுக்கும் வேண்டாம் என்றே பதில் கொடுக்க வேண்டும்.

இங்கே உங்கள் தொழிலுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பேஜ்மேக்கர் ஃபைல்களை மட்டும் எடுத்து வைத்தால் போதாது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற பொதுவான குறியேற்ற முறைகள் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஒழுங்கு) வகுக்கப்பட்டன என்றாலும், டி.டி.பி. கடைகளில் ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவும் தனக்கென ஒரு முறையை வைத்துக்கொண்டுதான் புழங்கியது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் அழைப்பிதழைத் திறந்தால், "நிகழும் மங்களகரமான" என்று இருக்க வேண்டிய இடத்தில் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் நிற்கும். ஆகவே எழுத்துருக்கள் இருக்கும் ஃபோல்டர், தமிழ் தட்டச்சு மென்பொருள், அதன் பழைய சி.டி., மென்பொருள் இயங்கக் கணினியில் செருகும் டாங்கிள் ஏதும் இருந்தால் அது, எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். இதைவிடச் சிறந்தது, டிஸ்க் முழுவதையும் அப்படியே இன்னொரு டிஸ்கில் குளோன், அதாவது அச்சு அசல் நகல், எடுத்துவிடுவது. குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். டிஸ்கில் பேட் செக்டர் (கெட்டுப்போன சிறு பகுதி) இருந்து காப்பி நடுவில் சிக்கினால், டிடிரெஸ்க்யூ என்ற கருவி, படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளைக் கடைசியில் முயலும்.

குளோன் எடுத்த பிறகு, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சிறிய மென்பொருளில் டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். அதில் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், ஒதுக்கக் காத்திருக்கும் செக்டர்கள் என இரண்டு வரிகள் இருக்கும். இரண்டிலும் பூஜ்யம் இருந்தால் நிம்மதி. எண் இருந்து, அது நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால், அந்த டிஸ்கை மறுபடி கணினியில் மாட்ட வேண்டாம். குளோன் எடுத்த புதிய டிஸ்கையே மாட்டிக்கொள்ளுங்கள்.

இனி, பிரின்ட் கொடுக்கும்போது கணினி அணையும் விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி, மூன்றையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் மாட்டியிருப்பதாக நீங்கள் எழுதியதுதான். 600 வி.ஏ. என்று அட்டையில் போட்டிருக்கும் யு.பி.எஸ். பொதுவாக 360 வாட் அளவுக்கே தாங்கும். லேசர் பிரின்டருக்குள் டோனர் தூளைத் தாளில் உருக்கி ஒட்டுவதற்கு ஃப்யூசர் என்ற சூடாக்கும் உருளை இருக்கிறது. பிரின்ட் கட்டளை வந்ததும் அது சட்டென்று சூடேற வேண்டும் என்பதால், அந்தச் சில நொடிகளில் பல நூறு வாட் மின்சாரத்தை இழுக்கும். அந்த நொடியில் யு.பி.எஸ். திணறுகிறது. ஏற்கெனவே பலவீனமான எஸ்.எம்.பி.எஸ்.ஸால் அந்தத் தள்ளாட்டத்தைத் தாங்க முடிவதில்லை. கணினி அணைந்து மறுபடி தொடங்குகிறது. லேசர் பிரின்டரை யு.பி.எஸ்.ஸில் மாட்டக் கூடாது என்று பிரின்டர் தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதுகிறார்கள். இன்றே பிரின்டரை எடுத்து, சுவரில் தனி சாக்கெட்டில் மாட்டிவிடுங்கள். பணமே செலவில்லாத இந்த ஒரு மாற்றத்தாலேயே, பிரின்ட் நேரத்துக் கோளாறு நின்றுவிடும் வாய்ப்பு அதிகம்.

யு.பி.எஸ். பேட்டரியையும் சோதியுங்கள், ஆனால் கணினியை வைத்துச் சோதிக்க வேண்டாம். ஒரு டேபிள் ஃபேனை அதில் மாட்டி ஓடவிட்டு, யு.பி.எஸ்.ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து எடுங்கள். ஃபேன் உடனே நின்றால் பேட்டரி முடிந்துவிட்டது. உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, நம் ஊர் வெப்பத்தில் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக உழைப்பது அரிது.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருப்பதைச் சின்ன விஷயமாக விட்டுவிடாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில், மின்கம்பியின் இரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு சிறிய கெபாசிட்டர்கள், ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக, இரும்புப் பெட்டியோடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் கம்பி சரியாக இருந்தால் அந்த மெல்லிய கசிவு தரைக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால், 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்குப் பெட்டியின் உடம்பில் நிற்கும். ஓட்டம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்று மட்டும் இருக்கிறது. வாடகைக் கடைகளில் நான் அடிக்கடி பார்ப்பது, மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகி மாட்டியிருப்பதுதான். மேலே இருக்கும் அந்தத் தடித்த பின் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். அப்படி இருந்தால் கன்வெர்ட்டரை எடுத்து எறிந்துவிட்டு, ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்து, சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா, அது வெறும் ஓட்டைதானா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதே பெட்டியில் வேறொரு கம்பி உரசி உண்மையான லீக்கேஜ் ஏற்பட்டாலும் உங்களை முதலில் காப்பாற்றப்போவது அந்த எர்த்தான். கடையில் உதவிக்குப் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களையும் நினைத்துச் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் பிறகுதான் எஸ்.எம்.பி.எஸ். சோதனை. மல்டிமீட்டர் வைத்திருப்பவர், உபரியாகத் தொங்கும் நான்கு பின் கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட் வரை, சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் வரை வருகிறதா என்று பார்க்கலாம். இந்த எல்லைக்கு வெளியே போனால் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது. ஆனால் எல்லைக்குள் இருந்தாலும் அது நல்லது என்று ஆகிவிடாது. ஏனென்றால் வற்றிய கெபாசிட்டர் உண்டாக்கும் வேகமான நடுக்கத்தைச் சாதாரண மீட்டர் காட்டாது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாட்டி, மறுநாள் காலையில், இரவெல்லாம் குளிர்ந்த நிலையில், ஒரே அழுத்தில் எழுகிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. மாலையில் சர்வீஸ் கடையில் சூடாக இருக்கும்போது ஆன் ஆனதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு எடுத்து வந்து ஏமாந்தவர்கள் பலர்.

எக்காரணத்தைக் கொண்டும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். புதிதாக வாங்கும்போது ஸ்டிக்கரில் உள்ள வாட் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால், உங்கள் கணினிக்கு, நேர்மையாகத் தயாரித்த 300 அல்லது 400 வாட் எஸ்.எம்.பி.எஸ். தாராளம். கையில் தூக்கினால் காலி டப்பாவைப் போல லேசாக இருக்கும் ஒன்றை, அட்டையில் எத்தனை வாட் எழுதியிருந்தாலும் வாங்காதீர்கள்.

கேபினெட் திறந்திருக்கும்போதே மதர்போர்டை ஒரு டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பிராசஸர் ஃபேனைச் சுற்றி, சிறுவிரல் நுனி அளவில் உருளை உருளையாக நிற்பவை கெபாசிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக, ஒரு வெட்டுக்கோடு போட்டு, கண்ணாடி போலப் பளபளக்க வேண்டும். ஏதாவது ஒன்றின் தலை இட்லி போல உப்பியிருந்தாலோ, வெட்டுக்கோட்டின் வழியே காய்ந்த காப்பிக் கறை போலப் பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ, அதுவும் மாற்றப்பட வேண்டியதே. "போர்டு போய்விட்டது, புது சிஸ்டம் வாங்குங்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. கெபாசிட்டர் மட்டும் பழுதென்றால், 105 டிகிரி என்று அச்சிட்ட தரமான கெபாசிட்டர்களைப் போட்டு அதே போர்டை இன்னும் சில ஆண்டுகள் ஓட்ட முடியும். ரிச்சி தெருப் பக்கம் இதைச் சுத்தமாகச் செய்து தரும் கைகள் இன்னும் இருக்கின்றன.

அங்கேயே, சிறிய நாணயம் அளவில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032 என்று பெயர். தேதி பின்னால் போவது அது தீர்ந்துவிட்டதால்தான். கைக்கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும். மாற்றியபின் பயாஸில் தேதியைச் சரிசெய்துவிடுங்கள்.

திருவல்லிக்கேணி கடலுக்கு மிக அருகில் இருப்பதால் ராமையும் சொல்ல வேண்டும். உப்புக்காற்றின் ஈரம் ராமின் தங்கநிறப் பற்களில் மெல்லிய படலமாகப் படியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளை ரப்பரால் அந்தப் பற்களை மென்மையாகத் தேய்த்து, துகள்களை ஒரு சிறிய பிரஷ்ஷால் தள்ளி, இரண்டு பக்கமும் "டக்" என்று பூட்டிக்கொள்ளும் வரை அழுத்தி மாட்டுங்கள். பிறகு, ராமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86 சோதனையை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். காலையில் ஒரு பிழை காட்டினாலும் அந்த ராமை நம்பக் கூடாது.

நீலத் திரையைப் பற்றிக் கடைசியில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. மின்சாரமும் ராமும் டிஸ்கும் சரியாகிவிட்டால் அது பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். நிற்கவில்லை என்றால், கணினி தொடங்கும்போது எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். வரும் பட்டியலில், பழுதானால் தானாக மறுபடி தொடங்குவதை நிறுத்தும் ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தேர்வு அந்த ஒரு முறைக்கு மட்டுமே செல்லும் என்பதால், நீலத் திரை வரும்வரை ஒவ்வொரு முறையும் இப்படியே தொடங்குங்கள். வந்தால் அது அப்படியே நிற்கும், செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் 1ஏ, 50 என்று முடியும் எண்கள் வந்தால் நான் முதலில் ராமைப் பார்ப்பேன். 24, 7ஏ என்று முடிந்தால் டிஸ்கையும் அதன் கேபிளையும் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால், மறுபடி ராமுக்கும் மின்சாரத்துக்குமே திரும்புவேன்.

இன்னொரு சாட்சியும் கணினிக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில், சிஸ்டம் பதிவுகளில், கெர்னல்-பவர் 41 என்ற சிவப்புக் குறியைத் தேடுங்கள். கணினி முறையாக மூடப்படாமல் நின்ற ஒவ்வொரு முறைக்கும் ஒரு பதிவு இருக்கும். அதன் விவரங்களில் பக்செக்கோட் என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால், விண்டோஸ் தான் ஏன் விழுந்தோம் என்று எழுதக்கூட நேரமில்லாமல் விழுந்திருக்கிறது, அதாவது பெரும்பாலும் மின்சாரம் போயிருக்கிறது அல்லது முழுவதுமாக உறைந்திருக்கிறது. வேறு எண் இருந்தால் அது நீலத் திரையால் நின்றது. பிரின்ட் கொடுத்த நேரங்களோடு இந்தப் பதிவுகளின் நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் மயிலாப்பூரிலிருந்து கணக்கு எழுதும் ஒரு பெரியவர், ஒரே மாதத்தில் மூன்று முறை ஃபார்மட் செய்யப்பட்ட கணினியோடு என்னிடம் வந்தார். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் ஓடி, மறுபடி அணைந்திருக்கிறது. நான் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, ஸ்பைக் பஸ்டரின் ஒரு சாக்கெட் உள்ளே தளர்ந்து, பிளாஸ்டிக் கருகிப் பழுப்பேறியிருந்தது. நாற்காலி மேசையில் இடிக்கும்போதெல்லாம் மின்சாரம் ஒரு கணம் அறுபட்டிருக்கிறது. ஸ்பைக் பஸ்டரை மாற்றினோம், கணினி ஓடியது. ஆனால் முதல் ஃபார்மட்டிலேயே அழிந்துபோன அவருடைய பதினோரு ஆண்டுக் கணக்குகளை எங்களால் மீட்க முடியவில்லை. அவர் அந்தக் காலி ஃபோல்டரைத் திறந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்கவில்லை. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவது அதனால்தான்.

கணினி நிலைபெற்று, தை வேலைகள் முடிந்த பிறகு ஒன்றை யோசியுங்கள். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. ஆகவே அந்தக் கணினியில் இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பேஜ்மேக்கருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்பில் வரும் புகைப்படங்களுக்கும் வேறு கணினி இருக்கட்டும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவையும் முதலில் அந்த வேறு கணினியில் சோதித்துவிட்டுக் கொடுங்கள். புதிய வேலைகளை மெல்ல மெல்ல, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியேற்ற முறையான யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால், அடுத்த முறை கணினி மாறும்போது எழுத்துருவுக்காக அலைய வேண்டியிருக்காது.

முகூர்த்த வேலை நெருக்குகிறது என்பதால், இந்த வாரத்துக்கு மூன்று போதும்: டிஸ்கின் குளோன், பிரின்டருக்குத் தனி சாக்கெட், எர்த் சோதனை. எஸ்.எம்.பி.எஸ். மாற்றிய பிறகும் காலையில் ஒரே அழுத்தில் எழவில்லை என்றால், மதர்போர்டு கெபாசிட்டர்களின் படத்தையும், நீலத் திரையின் படத்தையும், கெர்னல்-பவர் பதிவில் உள்ள எண்ணையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள். அந்த மூன்றும் கையில் இருந்தால், அடுத்து எங்கே தேட வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும்.